சானடோரியத்தில் இறங்கிச் சொல்ல முடிகிற விடை

தாம்பரத்தில் கடற்கரை மின்ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். அப்புறம் குரோம்பேட்டை, அப்புறம் பல்லாவரம். கால் மணி நேரம்கூட ஆகாது. தாம்பரத்தில் தண்டவாளத்துக்குக் கிழக்கே காடாக விரிந்து கிடப்பது சென்னைக் கிறித்துவக் கல்லூரி. பல்லாவரத்தில் இருப்பது மறைமலையடிகள் 1911 முதல் 1950இல் மறையும்வரை வாழ்ந்த வீடு. நடுவில், ஸ்டேஷனுக்கே பெயர் கொடுத்த காசநோய் மருத்துவமனை. மனிதப் பிறவி எதற்காக என்ற கேள்விக்குச் சென்ற நூற்றாண்டில் இந்த மண்ணில் சொல்லப்பட்ட கனமான விடைகளில் சில இந்தத் தடத்தின் இரு முனைகளோடும் தொடர்புள்ளவை. நான் செய்ய நினைப்பது ஒன்றுதான். அந்த விடைகளைக் கல்லூரி மண்டபத்திலும் ஆசிரமத்திலும் வைத்து எடைபோடாமல், நடுவிலுள்ள ஸ்டேஷனில் இறக்கி எடைபோடுவது.

முதலில் ஒரு தற்செயலைச் சொல்ல வேண்டும். கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது 1937இல்தான். அதற்குமுன் பாரிமுனைப் பக்கம், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. அங்கே 1898இல் தமிழாசிரியராகச் சேர்ந்தவர் நாகை வேதாசலம் பிள்ளை. பின்னாளில் பெயரைத் தனித்தமிழாக்கி மறைமலையடிகள் ஆனவர். 1903இல் ஸ்காட்லாந்திலிருந்து தத்துவம் கற்பிக்க வந்தவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலிருந்து வந்து ஹாக்கிடம் தத்துவம் படித்த மாணவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஆக, 1905ஐ ஒட்டிய சில ஆண்டுகள் இந்த மூவரும் ஒரே கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஹாக் கல்லூரி இதழில் கர்மக் கொள்கையைப் பற்றித் தொடர் எழுதுகிறார். வேதாசலம் பிள்ளை 1905இல் சைவ சித்தாந்த மகா சமாசத்தைத் தொடங்கிவைக்கிறார். 1906இல் சைவ சித்தாந்த ஞானபோதம் வெளிவருகிறது. மாணவர் 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றிய ஆய்வேட்டை அச்சிடுகிறார். மூவருக்குள்ளும் வாதம் நடந்ததாக நான் கற்பனை செய்யப் போவதில்லை. நடந்திருந்தால் நமக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஏங்க மட்டும் செய்யலாம்.

ஹாக்கிலிருந்து தொடங்குகிறேன். வாதத்தின் கூர்மையில் மூவரில் அவரே முதல்வர் என்பது என் கணிப்பு. மதம் பரப்பும் கல்லூரிக்கு வந்தவர் என்றாலும், இளமையில் எடின்பரோவில் இறையியல் படிக்கும்போது நம்பிக்கையைத் தொலைத்துவிட்டுத் தத்துவத்தின் வழியாக அதை மீட்டுக்கொண்டவர். அந்த அனுபவம் அவருடைய எழுத்தில் தெரியும். எதிராளியின் கொள்கையை அதன் வலுவான வடிவத்தில் நிறுத்திய பிறகே தாக்குவார். 1909இல் நூலான ‘கர்மமும் மீட்பும்’ கர்மக் கொள்கையை மூடநம்பிக்கை என்று எங்கும் இகழவில்லை. உலகம் நியாயமானது என்று நம்ப விரும்பும் மனம் அடையக்கூடிய நேர்மையான முடிவுகளில் ஒன்றாகவே அதை மதிக்கிறது. பிறகுதான் அடி விழுகிறது.

அவர் வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். கர்மக் கொள்கை உலகத்தை ஒரு நீதிமன்றமாகப் பார்க்கிறது. ஒவ்வோர் உயிருக்கும் தனிக் கணக்கு, தனிப் பேரேடு. என் வினைக்கு நான், உன் வினைக்கு நீ. இதில் அநியாயம் இல்லை, உண்மைதான். ஆனால் இந்த உலகத்தில் ஒருவன் இன்னொருவனுக்காக எதையும் தாங்க முடியாது. தாய் பிள்ளைக்காகப் பட்ட பாடும் தாயின் பழைய கணக்கில் கழிகிற பாக்கியாகிவிடும். பிள்ளைக்குக் கிடைத்த அன்பும் அது முன்பே சேர்த்துவைத்த இருப்பிலிருந்து எடுத்ததாகிவிடும். தகுதிக்கு மேல் ஒரு துளியும் யாருக்கும் கிடைக்காத உலகத்தில் கருணைக்கு வேலை இல்லை. குற்றமற்றவன் துன்பப்படுவதற்கு இடமிருக்கிற உலகம் நீதியில் குறையுள்ளதாகத் தோன்றலாம். ஆனால் அந்த உலகத்தில்தான் ஒருவர் மற்றவருடைய சுமைக்குத் தோள் கொடுக்க முடியும். அதனால் அறத்தில் அதுவே உயர்ந்த உலகம் என்கிறார் ஹாக்.

இதோடு நிறுத்தியிருந்தால் அது மிஷனரி வாதமாகவே நின்றிருக்கும். அவர் அதே கத்தியைத் தம் பக்கமும் திருப்புகிறார். மனிதர் பாவத்துக்கான தண்டனையை இயேசு தம்மேல் ஏற்றார், கணக்கு நேராயிற்று என்று சொல்லும் கிறித்துவ இறையியலும் அதே நீதிமன்றக் கணக்குதான் என்று அதையும் தள்ளுகிறார். நூலின் துணைத் தலைப்பிலேயே கிறித்துவத்தின் மறுவிளக்கம் என்ற சொல் இருக்கிறது. எதிராளியிடம் கண்ட குறையைத் தன் வீட்டிலும் தேடுகிறவரின் திறனாய்வுக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

மாணவரின் மறுமொழி என்ன? மிஷனரிகள் இந்து சமயத்தின்மீது வைத்த குற்றச்சாட்டுகளே தம்மை அதன் ஆராய்ச்சிக்குத் தள்ளின என்று ராதாகிருஷ்ணன் பின்னர் எழுதினார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்பது குற்றச்சாட்டு. இடமுண்டு என்பது 1908 ஆய்வேடு. ஆசிரியர் சினப்படுவாரோ என்ற அச்சம் மாணவருக்கு இருந்தது. ஹாக் பாராட்டி நற்சான்று எழுதிக் கொடுத்தார். 1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் மறு ஆண்டு ‘இந்து வாழ்க்கை நோக்கு’ என்ற பொருள்படும் நூலாக வந்தன. கர்மம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற சீட்டாட்ட உவமை அதில்தான் இருக்கிறது. கைக்கு வரும் சீட்டை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, ஆடுகிற ஆட்டம் நம்முடையது என்பது அதன் சாரம். விதி என்ற சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அது ஒரு சன்னலைத் திறந்தது. ஆங்கிலம் படித்த இரண்டு மூன்று தலைமுறை இந்தியர்கள் தலைநிமிர்ந்து பேச அது உதவியது என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் உவமையைச் சற்றுத் தட்டிப் பாருங்கள். சீட்டைப் போட்டவர் யார்? சென்ற பிறவியின் நான்தான் என்றால் ஹாக் சொன்ன பேரேடு அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. நான் இல்லை, சீட்டு எப்படியோ விழுந்தது என்றால் அதைக் கர்மம் என்று அழைக்க வேண்டியதில்லை. வெறும் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஹாக் எழுப்பியது நீதியைப் பற்றிய கேள்வி. ராதாகிருஷ்ணன் கொடுத்தது சுதந்திரத்தைப் பற்றிய விடை. கேட்ட கேள்வியை விட்டுப் பக்கத்துக் கேள்விக்கு அழகாகப் பதில் எழுதிய மாணவரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இப்போது சானடோரியத்தில் இறங்கலாம். இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பெயர் பெற்ற டேவிட் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தை அடுத்து இந்தச் சிகிச்சையகத்தைத் தொடங்கினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் டிபிக்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். அதுவரை நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு, அப்புறம் காத்திருப்பு. படுக்கையில் கிடந்தவர்களில் கணிசமானோர் இளவயதினர். குழந்தை பெற்றுச் சில மாதங்களான பெண்களும் இருந்திருப்பார்கள். அந்தப் படுக்கைக்கு முன்னால் நின்று ஒரு தத்துவம் தன் முழுக் கொள்கையையும், ஒரு சொல்லையும் விழுங்காமல், நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா? இதுதான் என் சோதனை.

ஆறுதல் தருவது உண்மையாகிவிடுமா என்று உடனே ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆறுதல் தருகிறதா என்பதை நான் சோதிக்கவில்லை. பொய்யும் ஆறுதல் தரும், மார்ஃபியாவும் தரும். வாழ்வின் பொருளைச் சொல்வதாக ஒரு கொள்கை முன்வந்தால், வாழ்வின் மிகக் கடினமான இடத்தில் தன்னை மாற்றிக்கொள்ளாமல் அது நிற்க வேண்டும். மண்டபத்தில் ஒன்றும் வார்டில் வேறொன்றும் சொல்ல வேண்டியிருந்தால், மண்டபத்தில் சொன்னதை அதுவே நம்பவில்லை என்றுதான் பொருள். கர்மக் கொள்கை இங்கேதான் திக்குகிறது. எவ்வளவு உறுதியான நம்பிக்கையாளரும் படுத்துக் கிடப்பவரிடம் “இது நீ செய்த வினை” என்று சொல்ல மாட்டார். நெஞ்சில் ஈரமிருந்தால் சொல்ல முடியாது. வெளியே வராந்தாவுக்கு வந்து, தணிந்த குரலில், “என்ன பாவம் பண்ணிச்சோ” என்று மற்றவரிடம் சொல்வார். அந்த வராந்தாப் பேச்சுதான் கொள்கையின் உண்மையான குரல்.

தமிழ் மரபு இதை அறியாததல்ல. கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறவிக் கதை ஒன்றை மதுராபதித் தெய்வம் சொல்கிறது. ஆனால் எப்போது? கண்ணகி அரசவையில் நீதி கேட்டு, வென்று, நகரையும் எரித்த பிறகு. ஊழ் உருத்து வந்து ஊட்டும் என்பதைக் காப்பியத்தின் மூன்று கருத்துகளில் ஒன்றாக வைத்த இளங்கோவும் அதை அவள் காதில் முன்கூட்டி ஓதவில்லை. திருக்குறளில் 37ஆம் குறளை எடுங்கள்: பல்லக்குத் தூக்குகிறவன், அதில் ஊர்கிறவன். அறத்தின் பயன் இதுவென்று நூலால் நிறுவ வேண்டியதில்லை, இந்த இருவரைப் பார்த்தாலே தெரியும் என்பது பரிமேலழகர் உரை. இந்த இருவரிடையே நின்று இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்று அதையே தலைகீழாகப் படித்தார்கள் இக்கால உரையாசிரியர் சிலர். இலக்கணத்தில் எது சரி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த வழக்கு எழுந்ததே, பல்லக்குத் தூக்குகிறவனின் முகத்தைப் பார்த்து உரை சொல்ல நமக்குக் கூச்சம் வந்துவிட்டது என்பதன் அடையாளம். விவிலியத்து யோபுவின் நண்பர்களும் இந்த வராந்தாவில் நின்று பேசியவர்கள்தாம். அவர்கள் பேசியது தவறென்று யோபு நூலே சொல்லிவிடுகிறது.

அடுத்து, ரயிலின் மறுமுனை. பல்லாவரம் வினோதமான ஊர். இந்தியாவில் முதன்முதலில் பழைய கற்கால ஆயுதம் அடையாளம் காணப்பட்டது இங்கேதான். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கண்டெடுத்தார். மலையைக் குடைந்து பல்லவர் எடுத்த குடைவரை இன்று தர்கா. கேள்வி கேட்கிற மனிதன் இங்கே நெடுங்காலமாகக் குடியிருக்கிறான், ஒரே குகையில் இரண்டு விடைகளையும் வைத்துப் பார்த்திருக்கிறான். இந்த ஊருக்கு 1911இல் கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்த மறைமலையடிகள் துறவு பூண்டார், சமரச சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் அது பொதுநிலைக் கழகம் ஆயிற்று. ‘மரணத்தின்பின் மனிதர் நிலை’ என்ற நூலும் அந்தக் காலத்ததுதான்.

அவர் நின்ற சைவ சித்தாந்தம் ராதாகிருஷ்ணனின் வேதாந்தத்தைவிட வார்டில் தெம்பாகவே நடக்கிறது. இறை, உயிர், தளை மூன்றும் என்றும் உள்ளவை, உலகம் பொய்த்தோற்றம் அல்ல, உயிர்கள் பல. ஆகவே இந்தப் படுக்கையில் கிடப்பவளின் வலி மெய்யான வலி, அவளுடைய வலி. எல்லாம் ஒன்றே என்ற பேரொளியில் அவள் கரைந்துபோவதில்லை. வினை அறிவற்ற பொருள், அது தானாக வந்து பயனை ஊட்டாது. இறைவனே அருளால் அதைக் கூட்டுவிக்கிறான் என்பது சித்தாந்தத்தின் நுட்பமான திருத்தம். நீதிபதி இருந்த நாற்காலியில் இப்போது மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். துன்பம் தண்டனையாக வரவில்லை, ஆணவ நோய்க்குச் சிகிச்சையாக வருகிறது. ஆணவமாகிய மலம் பழுத்துப் பக்குவப்பட்டு, இருவினை ஒத்து, அருள் பதியும்வரை அந்தச் சிகிச்சை தொடரும். ஹாக்கின் நீதிமன்றக் குற்றச்சாட்டு சித்தாந்தத்தின்மேல் முழுதாக ஒட்டாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒட்டாமல் போனதனால் கொள்கை தப்பிவிட்டதா? இல்லை. சானடோரியத்தில் உண்மையாகவே ஒரு மருத்துவர் இருக்கிறார், நோயை விரட்டப் பார்க்கிறார். நோயே மருந்து என்றால் அவர் அந்த மருந்தை நிறுத்துகிறவர் ஆகிறார். அவருடைய சிகிச்சையும் அருளின் கருவிதான் என்று சித்தாந்தி சொல்வார். நோய் வந்தாலும் அருள், தீர்ந்தாலும் அருள், தீராமல் இறந்தாலும் அருள். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையும் விளக்குவதில்லை. நோயாளிக்கு இது பொறுமையைத் தரலாம். ஏன் இவளுக்கு, ஏன் இந்த வயதில் என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

அடிகள் வாழ்ந்த விதம் அவர் கொள்கையைவிட ஒரு படி முன்னே இருந்தது என்று எனக்குத் தோன்றும். ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ என்று உணவு, காற்று, உடல்நலம் பற்றி விரிவாக எழுதியவர் அவர். உடம்பைக் கழிக்க வேண்டிய பாக்கியாக அவர் பார்க்கவில்லை. ‘சாதிவேற்றுமையும் போலிச் சைவரும்’ எழுதித் தம் மக்களையே சாடினார். அதே கையால் ‘வேளாளர் நாகரிக’மும் எழுதினார். மேலான வாழ்வுக்கு அவர் காட்டிய மாதிரி, புலால் உண்ணாத, நிலமும் கல்வியும் உள்ள ஒரு குடியின் மாதிரியாகவே பெரும்பாலும் நின்றது. பிறவிப் பயனை அடையும் பாதையை வரைந்தபோது, பாதைக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்று அவர் முழுதாக எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

அதற்குப் போகுமுன் 1938 டிசம்பர். அகில உலக மிஷனரிக் கழகத்தின் மாநாடு சீனத்து ஹாங்சௌவில் நடக்க இருந்தது. ஜப்பானியப் படையெடுப்பால் அது முடியாமல் போகவே, புதிதாகக் கட்டிய கல்லூரி வளாகம் கொண்ட தாம்பரத்துக்கு வந்தது. ஏறத்தாழ 470 பேராளர்கள். ஜான் மாட் தலைமை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுதூலியும் ஒருவர். மாநாட்டுக்கென்றே ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர் ஒரு தடித்த நூலை எழுதிக் கொடுத்திருந்தார். கடவுள் கிறிஸ்துவில் வெளிப்பட்டார். மற்றச் சமயங்கள் எவ்வளவு உயர்ந்தவையானாலும் மனித முயற்சிகளே. அவற்றிலிருந்து இதற்குப் பாலம் கிடையாது என்பது அதன் மையம்.

இன்று கிரேமரைத் திட்டுவது எளிது. அவரிடம் மதிக்கத்தக்க ஒரு பார்வை இருந்தது என்பதால் அந்த எளிய வேலையை நான் செய்யப் போவதில்லை. ஒவ்வொரு சமயமும் பிரிக்க முடியாத முழுமை என்றார் அவர். இங்கிருந்து ஒரு வரி, அங்கிருந்து ஒரு வரி எடுத்து எல்லாம் ஒன்றையே சொல்கின்றன என்று கோத்து மாலையாக்க முடியாது. ஜாவாவில் ஆண்டுக்கணக்கில் இஸ்லாமியரிடையே வாழ்ந்து கற்ற பாடம் அது. எல்லா நதியும் ஒரே கடலுக்கு என்று மேடைதோறும் கேட்டுப் பழகிய நம் காதுகளுக்கு அந்தக் கண்டிப்பு நல்லது. முக்தியும் மீட்பும் ஃபனாவும் நிப்பானமும் ஒரே பொருளுக்கு நான்கு பெயர்கள் அல்ல.

ஆனால் வேறுபாட்டைச் சரியாகக் கண்டவர் தீர்ப்பில் சறுக்கினார். தம் வெளிப்பாட்டை அளக்கத் தம் வெளிப்பாட்டைத் தவிர வேறு அளவுகோல் இல்லை என்றார். தானே வழக்காடி, தானே தீர்ப்பும் எழுதுகிற ஏற்பாடு இது. வார்டில் அடுத்த படுக்கையில் ஒரு முருக பக்தர் கலங்காமல் படுத்திருந்தால் அவரிடம் கிரேமருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த அமைதியும் வெறும் மனித முயற்சி என்றுதான் அவர் கொள்கை சொல்லும். ஹாக் இந்த இடத்தில்தான் இடைமறித்தார். மாநாட்டை ஒட்டி எழுதி 1939 தொகுதியில் வந்த கட்டுரையில், நம்பிக்கைகள் என்ற கோட்பாட்டுத் தொகுப்பு வேறு, ஒருவர் உள்ளத்தில் உயிரோடிருக்கும் நம்பிக்கை வேறு என்று பிரித்தார். கிறித்துவரல்லாதவரிடமும் கடவுளோடு மெய்யான உறவு உண்டு, அதைக் கண்ட பிறகு இல்லையென்பது பொய் என்பது அவர் நிலை. முப்பத்தைந்து ஆண்டுகள் இந்து மாணவர்களோடு பழகியவர் சொன்ன சாட்சியம் அது. அதே வாரங்களில் சென்னையில் செஞ்சையா, சக்கரை போன்ற இந்தியக் கிறித்துவச் சிந்தனையாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ‘இந்தியாவில் கிறித்துவத்தை மறுசிந்தித்தல்’ என்ற தொகுப்பும் கிரேமருக்கு எதிரே நின்றது. செஞ்சையா கண்ட ‘புதிய படைப்பு’, மனிதன் இன்னொரு நிலைக்கு வளர்வான் என்ற கனவு, கும்பகோணத்து யோகி சி.வி.வி.யின் சாயலும் அரவிந்தரின் சாயலும் கலந்தது. அழகான கனவுதான். வரப்போகிற மனிதனைப் பற்றிய அந்தக் கனவுக்கு, போகப்போகிற மனிதனிடம் சொல்ல அதிகமில்லை என்பதால் கடந்து போகிறேன்.

அதே டிசம்பரில் பெரியார் இந்தி எதிர்ப்புக்காகச் சிறையில் இருந்தார். அந்த நவம்பரில் அவருக்குப் பெரியார் என்ற பட்டம் கொடுத்த பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். பத்தாண்டுக்கு முன் சுயமரியாதைக்காரர்களை அடிகள் கடுமையாக எதிர்த்திருந்தார் என்பதை நினைத்தால் வரலாறு எவ்வளவு வளைவுகள் கொண்டது என்று தெரியும். சுயமரியாதை இயக்கத்தின் விடை நமக்குப் பழக்கமானது. தலைவிதி, முற்பிறவி, வினைப்பயன் எல்லாம் பல்லக்குத் தூக்குகிறவனை அங்கேயே நிறுத்திவைக்க ஏற்பட்டவை. துன்பத்துக்குக் காரணம் உண்டு. அது இங்கே, இப்போது, மனிதர் செய்தது. ஆகவே மனிதரால் மாற்றக்கூடியது.

வார்டில் இந்த விடை நோயாளியின்மேல் பழி போடவில்லை. பிற விடைகளை இது ஒரே அடியில் முந்துகிற இடம் இது. கிருமி, நெரிசலான குடியிருப்பு, பட்டினி என்று உண்மையான காரணங்களைக் காட்டுகிறது. வரலாறும் அதன் பக்கம்தான் சாய்ந்தது. மருந்து வந்தது. 1959இல் வெளியான சென்னை ஆய்வு, குடிசையிலும் சந்திலும் இருந்தபடியே மருந்து சாப்பிட்ட டிபி நோயாளிகள் சானடோரியத்தில் படுத்தவர்களுக்குச் சமமாகத் தேறினார்கள் என்று காட்டி உலகச் சிகிச்சை முறையையே மாற்றியது. நல்ல காற்றும் நீண்ட ஓய்வும் கட்டாயம் என்ற தன் சொந்த நம்பிக்கையைச் சோதித்து, பொய்த்ததும் கைவிட்டது மருத்துவம். அந்தப் பெருந்தன்மை இறையியலில் அபூர்வம். ஆனால் 1938இல் அந்தப் படுக்கையில் கிடந்தவளுக்கு மருந்து வந்துசேரவில்லை. காரணம் உனக்குள் இல்லை, அதை மாற்றலாம் என்பது சரியான விடை. அவளுக்கு அது அரை விடை. மீதி அரையில் சுயமரியாதைக்காரர் பேசாமல் இருப்பார். பொய் சொல்லாமல் பேசாதிருப்பது குறையில்லை என்று நான் நினைக்கிறேன். விடை என்றும் அதைச் சொல்ல மாட்டேன்.

இந்த வழக்கு 1938இல் முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1993 முதல் இதே மருத்துவமனைக்கு எச்ஐவி நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். நாட்டின் மிகப் பெரிய சிகிச்சை மையங்களில் ஒன்றாக அது ஆயிற்று. கணவனிடமிருந்து தொற்றிய பெண்களும், பிறக்கும்போதே தொற்றோடு வந்த குழந்தைகளும் அவர்களில் உண்டு. வராந்தாப் பேச்சு மறுபடி கிளம்பியது, இம்முறை தணிந்த குரலில்கூட அல்ல. “அவங்க செஞ்சதுக்கு அவங்க அனுபவிக்கிறாங்க” என்ற வாக்கியத்தைச் சொல்ல முற்பிறவி நம்பிக்கைகூடத் தேவைப்படவில்லை. இந்து, கிறித்துவர், முஸ்லிம், நாத்திகர் எல்லாருக்கும் அந்த வாக்கியம் வசதியாக இருந்தது. ஹாக் கண்டுபிடித்த நீதிமன்றம் கர்மக் கொள்கையின் தனிச் சொத்து அல்ல. மனித மனத்தின் பழைய கட்டடம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்றும் ஹாக்கிடம் இருக்கிறது. இந்தக் கேள்வியின் அடித்தளத்தையே தொடுவது அது. இந்து சமயத்தின் ஏக்கங்களைக் கிறித்துவம் நிறைவு செய்கிறது என்று ஃபர்க்குவார் என்ற மிஷனரி 1913இல் எழுதிப் புகழ் பெற்றார். ஹாக் அதை ஏற்கவில்லை. இந்துவுக்கு அந்த ஏக்கமே இல்லை, அவன் தேடுவது வேறு என்றார். பசி ஒன்று, பண்டங்கள் பல என்று நாம் நினைக்கிறோம்; ஒவ்வொரு சமயமும் முதலில் பசியைத்தான் உண்டாக்குகிறது. தமிழிலேயே பாருங்கள். வாழ்க்கையின் அர்த்தம் என்பது புத்தகப் பேச்சு. நம் பாட்டிகள் கேட்டது பிறவிப் பயன். அர்த்தம் என்றால் யாரோ எழுதிவைத்ததைப் படித்துப் புரிந்துகொள்வது; பயன் என்றால் விதைத்து எடுப்பது. பயன் என்று கேட்கிறவருக்கு வினை என்ற விடை இயல்பாகப் பொருந்தும், கேள்விக்குள்ளேயே விதையும் அறுவடையும் இருப்பதால். எழுதியவர் யார் என்று கேட்கிறவருக்கு வெளிப்பாடு என்ற விடை பொருந்தும். ஆகவே எந்தச் சமயத்தின் விடை சரி என்று நேரடியாகப் போட்டி வைப்பதில் பாதி வீண். கேள்விகளே வேறு. ஆனால் படுக்கையில் கிடப்பவள் இரண்டையும் கேட்கவில்லை. ஏன் எனக்கு என்கிறாள். எல்லாப் பசிக்கும் கீழே கிடக்கிற கேள்வி அது. அதனால்தான் அதை அளவுகோலாக எடுத்தேன்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கிரேமர் சமயங்களை விவரித்ததில் சரி, மதிப்பிட்டதில் தவறு. ராதாகிருஷ்ணன் கர்மத்துக்குள் சுதந்திரத்தை மீட்டார், நீதியை மீட்கவில்லை. மறைமலையடிகள் வலியை மெய்யென்று ஒப்புக்கொண்டதால் வேதாந்தத்தைவிட நெருங்கி வந்தார். எல்லாவற்றையும் பக்குவம் என்ற ஒரே சொல்லில் அடக்கியதால் கடைசி அடியில் நின்றுவிட்டார். சுயமரியாதை இயக்கம் பழியை நீக்கியது. அந்த ஒன்றுக்காகவே மற்ற எல்லா விடைகளும் அதற்குக் கடன்பட்டவை. ஹாக்கின் முதல் பாதி நிற்கிறது: தகுதிக் கணக்கு உள்ளவரை வாழ்வில் பொருள் இல்லை, ஒருவர் மற்றவருக்காகத் தாங்க முடிகிற இடத்தில்தான் பொருள் பிறக்கிறது. அவருடைய இரண்டாம் பாதி, அந்தத் தாங்குதலுக்கு உறுதி கிறிஸ்துவில் மட்டுமே உண்டு என்பது, நிற்கவில்லை. இரவில் கண்விழிக்கும் நர்ஸும், ஊரிலிருந்து சோறு கொண்டுவந்து படுக்கைக்குக் கீழே துண்டு விரித்துப் படுக்கும் அக்காவும் எந்த வெளிப்பாட்டையும் கேட்டு அனுமதி வாங்கியவர்கள் அல்ல. ஹாக்கின் வாதத்தை அதன் முடிவுவரை நேர்மையாகக் கொண்டுபோனால் அது ஹாக்கின் மதத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அவரும் அதைக் கொஞ்சம் உணர்ந்திருந்தார் என்பதற்கு அந்த மாநாட்டுக் கட்டுரையே சான்று; முழுதாகச் சொல்லத் துணியவில்லை.

1988இல் மாநாட்டின் பொன்விழாவுக்காக மறுபடி தாம்பரத்தில் கூடினார்கள். லெஸ்லி நியூபிகின், வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் என்ற இரு சமய அறிஞர்களும் வந்து கிரேமர் வழக்கை மீண்டும் நடத்தினார்கள். தீர்ப்பு அன்றும் ஒத்திவைக்கப்பட்டது.

மறைமலையடிகளின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன, தேடினால் கிடைக்கும். ஹாக்கின் சிறிய நூலையும் கொஞ்சம் முயன்றால் பிடித்துவிடலாம். இரண்டையும் ஒரே வாரத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். அடிகளுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன் என்று சைவ சித்தாந்தம் கற்ற ஒருவர் எழுதினால், அவர் பதில் எல்லாம் பக்குவம் என்பதோடு நின்றுவிடாமல், பிறக்கும்போதே தொற்றோடு வந்த குழந்தையிலிருந்து தொடங்கட்டும்.